டார்ச் அடித்துப் பார்க்காமல் வாங்கிய கரி அடுப்பு

பென்சில்வேனியாவில் ஸ்க்ரான்டன் பக்கம் எங்கள் வீடு. ஆந்த்ரசைட் என்ற கெட்டியான நிலக்கரி இந்த வட்டாரத்திலேயே கிடைக்கிறதே என்று, குளிருக்கு நூறு வருஷப் பழைய வார்ப்பிரும்புக் கணப்பு அடுப்பு ஒன்றை வாங்கினேன். நிக்கல் பூச்சையும் மைக்கா ஜன்னலையும் பார்த்து மயங்கியதுதான் தப்பு.

முதல் ராத்திரியே, கீழ்க்காற்றுக் கதவை முழுக்க மூடியும் தீ அடங்கவில்லை. அடுப்பின் பக்கம் மங்கலாகச் சிவக்க ஆரம்பித்தது. விடிய விடியப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஆறிய அடுப்புக்குள் டார்ச்சை எரியவிட்டு, அறை விளக்கை அணைத்தேன். சாம்பல் பெட்டிக்கு மேலே இணைப்பு நெடுகக் கீற்றுக் கீற்றாக வெளிச்சம்! பழைய சிமென்ட் உதிர்ந்த இடுக்கெல்லாம் காற்றை இழுத்திருக்கிறது. ஆந்த்ரசைட்டுக்குக் காற்று அடியிலிருந்துதான் வேண்டும். அதை அளந்து விட்டால்தான் தீ நம் பேச்சைக் கேட்கும்.

கழற்றினேன். துருவேறிய போல்ட் இரண்டு முறிந்தன. கம்பி பிரஷால் சுரண்டி, உலைக்கான சிமென்ட் பூசி, விரிசல் விட்ட மைக்காவையும் மாற்றினேன். முதலில் சின்னத் தீயாக மூட்டி சிமென்டை இறுகவிட்டு, அப்புறம்தான் கரி. இப்போது கரிக்கு மேலே நீல ஜுவாலை அமைதியாக ஆடுகிறது.

நீங்கள் வாங்கப் போனால் டார்ச்சோடு போங்கள். கரியைத் தாங்கும் அடித்தட்டின் கைப்பிடியை ஆட்டியும் பாருங்கள். அது அசையாவிட்டால் சாம்பல் அடைத்துக் கரி அணைந்துவிடும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் பற்றவைக்கவே வேண்டாம், அந்த விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது.

சாம்பல் அள்ளுவதுதான் இன்னும் பிடிக்கவில்லை.