ஷெரிஃப் பெரியவரா, ஸ்டேட் போலீஸ் பெரியவரா? அமெரிக்காவில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

போன குளிர்காலத்தில் ஒரு மாலை, வர்ஜீனியா மாநிலத்து ஆஷ்பர்னில் எங்கள் தெருவில் குடியிருக்கும் நண்பரின் காரை ஒரு பிக்கப் டிரக் பின்னாலிருந்து இடித்துவிட்டது. இடம் 267 டோல் ரோடு. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, டிக்கிதான் அப்பளமாகிவிட்டது. போலீஸ்காரர் வந்து இருவரின் லைசன்ஸையும் பார்த்தார், கையில் ஒரு சின்னச் சீட்டைக் கொடுத்தார், போய்விட்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனி விபத்து அறிக்கை கேட்டதும் நண்பர் நேராக எங்கள் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனார். அங்கே அப்படி ஒரு கேஸ் இல்லை. பக்கத்துக் கவுண்டி போலீஸுக்குப் போன் செய்தார். அங்கேயும் இல்லை. ஒன்பது நாள் அலைந்துவிட்டு என்னிடம் வந்தார். கார் டாஷ்போர்டில் கசங்கிக் கிடந்த அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். தலைப்பிலேயே வர்ஜீனியா ஸ்டேட் போலீஸ் என்று அச்சாகியிருந்தது. அதன் கீழே கேஸ் எண்.

"எல்லாம் போலீஸ்தானே அண்ணா, அவங்களுக்குள்ள பேசிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

நம் ஊரில் வளர்ந்தவருக்கு அப்படித்தான் தோன்றும். அந்த எண்ணத்திலிருந்துதான் மற்ற தவறுகள் எல்லாமே கிளம்புகின்றன. தமிழ்நாட்டில் கான்ஸ்டபிளிலிருந்து டிஜிபி வரை ஒரே ஏணி. உள்ளூர் ஸ்டேஷனில் வேலை நடக்கவில்லையா, டிஎஸ்பியைப் பார். அங்கேயும் நடக்கவில்லையா, எஸ்பியிடம் மனு கொடு. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கேள்வி கேட்பார். இந்த ஏணியை அப்படியே மனதில் வைத்துக்கொண்டு இங்கே வந்தால், ஷெரிஃப் ஏதோ வட்டார இன்ஸ்பெக்டர் போலவும் ஸ்டேட் போலீஸ் அவருக்கு மேலதிகாரி போலவும் தெரியும். நிஜத்தில் இவர் அவருக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

நான் இருக்கும் வர்ஜீனியாவையே எடுத்துக்கொள்கிறேன். இங்கே ஸ்டேட் போலீஸ் 1932-ல் தொடங்கியது. அதன் தலைவரை கவர்னர் நியமிக்கிறார். ஷெரிஃபை அந்தந்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், 4 வருடத்துக்கு ஒரு முறை. அந்தப் பதவி மாநில அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் பட்ஜெட்டுக்குப் பணம் ஒதுக்கும் கவுண்டி போர்டு நினைத்தால்கூட அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஷெரிஃபின் டெபுடி நடந்துகொண்ட விதம் சரியில்லை என்று ஸ்டேட் போலீஸிடம் மேல்முறையீடு மாதிரிப் புகார் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அங்கே விசாரிக்கப்படும் விஷயமே இல்லை. ஷெரிஃப் அலுவலகத்தின் மீதான புகார் அந்த அலுவலகத்துக்கே போக வேண்டும். புகார் கொடுக்கக் குடியுரிமை தேவையில்லை, எச்-1பி விசாவில் இருப்பவரும் தாராளமாகக் கொடுக்கலாம்.

டெபுடி என்ற சொல்லும் நம்மைக் குழப்புகிறது. டிஎஸ்பியைத் துணைக் கண்காணிப்பாளர் என்று சொல்லிப் பழகியதால், டெபுடி ஷெரிஃப் என்றதும் அவர் ஷெரிஃபுக்கு அடுத்த நிலையில் இருக்கும் பெரிய அதிகாரி என்று நினைத்துவிடுகிறோம். சாலையில் ரோந்து வரும் சாதாரண அதிகாரிதான் டெபுடி. ஷெரிஃபின் சார்பில் செயல்படுபவர் என்பதால் அந்தப் பெயர். அதே வேலையில் இருப்பவரை ஸ்டேட் போலீஸில் ட்ரூப்பர் என்பார்கள், நகர போலீஸில் ஆஃபீசர் என்பார்கள். ஷெரிஃப் என்ற சொல்லே பழைய இங்கிலாந்தில் ஷயர் என்ற வட்டாரத்தைக் கவனித்துக்கொண்ட ரீவ் என்ற அதிகாரியிடமிருந்து வந்தது. ஒரு காலத்தில் மெட்ராஸுக்கும் ஷெரிஃப் இருந்தார். அது பிரமுகர்களுக்குக் கொடுத்த கௌரவப் பதவி. அமெரிக்க ஷெரிஃபோடு அதற்குப் பெயர் ஒற்றுமை மட்டுமே மிச்சம்.

முகவரியை வைத்து முடிவு செய்வது

லவுடன், ஃபேர்ஃபேக்ஸ் இரண்டும் ஒட்டி இருக்கும் கவுண்டிகள். இரண்டிலும் நம்மவர்கள் நிறைய. லவுடனில் கவுண்டி போலீஸ் என்று ஒன்று கிடையாது. ஆஷ்பர்னில் வீடு புகுந்து திருடினாலும், பக்கத்து வீட்டில் அடிதடி என்றாலும் வருவது ஷெரிஃபின் ஆட்கள். கவுண்டி எல்லையைத் தாண்டி ஃபேர்ஃபேக்ஸுக்குள் போனால் அந்த வேலையைச் செய்வது ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டி போலீஸ். அங்கேயும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஷெரிஃப் உண்டு. ஆனால் அவர் கையில் இருப்பது ஜெயில், கோர்ட் பாதுகாப்பு, கோர்ட் காகிதங்களைச் சேர்ப்பிப்பது. ஃபேர்ஃபேக்ஸில் திருட்டுப் புகாரோடு ஷெரிஃப் அலுவலகத்தைத் தேடிப் போவதும், லவுடனில் கவுண்டி போலீஸ் எங்கே என்று கூகுளில் தேடுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கம்.

இதற்கு மேல் டவுன்களுக்கும் சொந்த போலீஸ் உண்டு. ஹெர்ன்டனுக்கு இருக்கிறது, லவுடனுக்குள்ளேயே இருக்கும் லீஸ்பர்க்குக்கும் இருக்கிறது. ஃபேர்ஃபேக்ஸ் சிட்டி, பெயர் ஒன்றாக இருந்தாலும், கவுண்டியைச் சேராத தனி நகரம். அதற்கும் தனி போலீஸ். வர்ஜீனியாவில் இப்படி 38 தனி நகரங்கள் இருக்கின்றன. தபால் முகவரியோ இந்த எல்லைகள் எதையும் பார்த்து எழுதப்படுவதில்லை. சவுத் ரைடிங்கில் வீடு வாங்கியவர்களின் கடிதத்தில் சான்டில்லி என்றுதான் வரும். சான்டில்லி என்றால் ஃபேர்ஃபேக்ஸ் என்று நினைத்து அந்தக் கவுண்டியின் அவசரமில்லாப் புகார் எண்ணைக் கூப்பிடுவார்கள். சவுத் ரைடிங் இருப்பது லவுடனில். சொத்து வரி எந்தக் கவுண்டிக்குக் கட்டுகிறீர்கள் என்று பாருங்கள், அது பொய் சொல்லாது.

உயிர் போகிற அவசரம் என்றால் இந்த ஆராய்ச்சியே வேண்டாம். 911-ஐ அழுத்துங்கள். செல்போனில் அழைக்கும்போது, எல்லை ஓரமாக இருந்தால் அழைப்பு பக்கத்துக் கவுண்டிக்குப் போய்விடலாம். அதனால் முதல் வார்த்தையாக எந்த இடம், எந்தக் கவுண்டி, எந்தச் சாலையில் எந்தத் திசை என்று சொல்லிவிடுங்கள். அவர்களே மாற்றிவிடுவார்கள்.

நெடுஞ்சாலை ஒருவருக்கு மட்டும் சொந்தம் என்று நினைப்பது

இன்டர்ஸ்டேட் என்ற மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலையில் ட்ரூப்பர் மட்டும்தான் வண்டியை நிறுத்தலாம், டெபுடிக்கு அதிகாரம் இல்லை என்று வாட்ஸ்அப் குழுக்களில் அடித்துச் சொல்கிறார்கள். தவறு. இன்டர்ஸ்டேட்டில் ரோந்து போவது பெரும்பாலும் ஸ்டேட் போலீஸின் வேலை. ஆனால் கவுண்டிக்குள் ஓடும் சாலையில் ஷெரிஃபின் டெபுடியும் நிறுத்தலாம். ட்ரூப்பரின் அதிகாரம் மாநிலம் முழுவதற்கும் என்பதால் அவர் உங்கள் குடியிருப்புத் தெருவிலும் நிறுத்தலாம். நண்பர் இடிபட்ட 267-ஐப் பாருங்கள். டோல் ரோட்டில் ஸ்டேட் போலீஸ். அதன் நடுவிலேயே டல்லஸ் விமான நிலையத்துக்கு ஓடும் இலவசப் பாதையில் விமான நிலைய ஆணையத்தின் சொந்த போலீஸ். எக்ஸிட் எடுத்து இறங்கினால், எந்தப் பக்கம் இறங்கினோம் என்பதைப் பொறுத்து ஷெரிஃபோ கவுண்டி போலீஸோ. ஊருக்கு அம்மாவை ஏற்றிவிட விமான நிலையம் போகும் அரை மணி நேரத்தில் மூன்று துறைகளின் கண்ணில் படுகிறோம்.

சாலை விதியை மீறியதற்கு டிக்கெட் கிடைத்தால், யார் கொடுத்தார் என்பதைவிட அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். ஷெரிஃப் ஆள் கொடுத்தது என்றால் லேசானது, ட்ரூப்பர் கொடுத்தது என்றால் பெரியது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. வர்ஜீனியாவில் வரம்புக்கு மேல் 20 மைல் வேகம் போனாலோ, வரம்பு எதுவானாலும் 85 மைலைத் தாண்டினாலோ ரெக்லஸ் டிரைவிங், அதாவது பொறுப்பில்லாமல் வண்டி ஓட்டுவது, ஆகிவிடும். அது கிரிமினல் குற்றம்: 12 மாதம் வரை ஜெயில், 2,500 டாலர் வரை அபராதம். கொடுத்தவர் சட்டையின் நிறம் எதுவானாலும் சட்டம் ஒன்றே, சம்பவம் நடந்த கவுண்டியின் கோர்ட்டில்தான் விசாரணை. விசாவில் இருப்பவர்கள் இதை வெறும் வேக அபராதம் என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். டிக்கெட்டில் கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. பயந்துகொண்டு சாலையில் வாதாடாதீர்கள்.

பிடித்தவரிடமே ஆளைத் தேடுவது

இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் மனசு கனக்கும். ஏனென்றால் இந்தத் தவறு நடப்பது நள்ளிரவில், கை நடுங்கும் நேரத்தில். கணவரை ட்ரூப்பர் கைது செய்துவிட்டார் என்று தகவல் வருகிறது. மனைவி ஸ்டேட் போலீஸுக்கே திரும்பத் திரும்பப் போன் செய்கிறார். ஸ்டேட் போலீஸுக்கென்று ஆட்களை வைத்திருக்கும் ஜெயில் இல்லை. யார் பிடித்தாலும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, ஜாமீன் கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியின் ஜெயிலுக்குக் கொண்டுபோவார்கள். லவுடனிலும் ஃபேர்ஃபேக்ஸிலும் அதை நடத்துவது ஷெரிஃப். அதனால் தேட வேண்டிய இடம் சம்பவம் நடந்த கவுண்டியின் ஜெயில். தமிழில் சிறை என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். இங்கே ஜெயில் வேறு, பிரிசன் வேறு. விசாரணைக்குக் காத்திருப்பவர்களும் சின்னத் தண்டனைக்காரர்களும் உள்ளூர் ஜெயிலில், நீண்ட தண்டனைக்காரர்கள் மாநிலத்தின் பிரிசனில். இந்தியக் குடிமகனாக இருந்தால், தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

ஒரு மாநிலத்தில் கற்றதை அடுத்த மாநிலத்துக்குத் தூக்கிப் போவது

வேலை மாறி மாநிலம் மாறும்போது பழைய கணக்கை அழித்துவிட வேண்டும். அலாஸ்காவில் கவுண்டியே இல்லை, கவுண்டி ஷெரிஃபும் இல்லை, ட்ரூப்பர்கள்தான். கனெக்டிகட் 2000-ல் ஷெரிஃப் பதவியையே ஒழித்துவிட்டது. டெலவேரில் ஷெரிஃப் இருக்கிறார், ஆனால் கைது செய்யும் அதிகாரம் இல்லை என்று 2012-ல் சட்டம் போட்டார்கள், மறு வருடம் அந்த மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நியூயார்க் நகரத்தின் ஷெரிஃப் மேயர் நியமிப்பவர், நிதித் துறைக்குள் இருப்பவர். பென்சில்வேனியாவில் சொந்த போலீஸ் இல்லாத ஊர்களுக்கு வருவது 1905-ல் உருவான ஸ்டேட் போலீஸ். கலிஃபோர்னியாவில் கதை தலைகீழ்: லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி ஷெரிஃபுக்குக் காசு கொடுத்து ஒப்பந்தம் போட்டு, பல நகரங்கள் அவரையே தங்கள் போலீஸாக வைத்துக்கொண்டிருக்கின்றன. லேக்வுட் நகரம் 1954-ல் அதைத் தொடங்கி வைத்தது. ஹைவே பேட்ரோல் என்று பெயர் இருக்கும் மாநிலங்களில் துப்பு துலக்குவது பெரும்பாலும் வேறு துறை. வட கரோலினாவில் அதற்கென்று எஸ்பிஐ என்ற மாநிலப் புலனாய்வுத் துறை தனியாக இருக்கிறது.

ஷெரிஃபுக்கு மேல் யாருமே இல்லை, ஃபெடரல் (மத்திய) அரசுகூட அவருக்குக் கட்டுப்பட்டதுதான் என்று ஒரு பிரசாரமும் நடக்கிறது. மொன்டானா ஷெரிஃப் ஜே பிரின்ட்ஸ் தொடுத்த வழக்கில் 1997-ல் வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டுவார்கள். ஃபெடரல் அரசு தன் துப்பாக்கிச் சட்டத்தை நிறைவேற்றும் வேலையை ஷெரிஃபின் தலையில் கட்ட முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பு. எந்தச் சட்டம் செல்லும், எது செல்லாது என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அது அவருக்குத் தரவில்லை.

நன்னடத்தைச் சான்றிதழ் விஷயத்திலும் ஏமாறுகிறோம். கவுண்டியில் வாங்கும் கடிதம் அந்தத் துறையின் பதிவேட்டை மட்டும் பார்த்துக் கொடுப்பது. வர்ஜீனியா முழுவதற்குமான குற்றப் பதிவு ஸ்டேட் போலீஸிடம் இருக்கிறது. கனடா பிஆருக்கு (நிரந்தரக் குடியிருப்புக்கு) இரண்டும் உதவாது, எஃப்பிஐயின் அறிக்கைதான் வேண்டும்.

கடைசியாக, போன். "நான் ஷெரிஃப் அலுவலக சார்ஜென்ட், நீங்கள் ஜூரி டியூட்டிக்கு வராததால் வாரண்ட் வந்திருக்கிறது" என்று அழைப்பு வரும். ஜூரி என்பது கோர்ட்டில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு. திரையில் நிஜமான அலுவலக எண்ணையே போலியாகக் காட்டுவார்கள். எங்கள் தமிழ்ப் பள்ளியில் ஓர் அம்மா காரிலேயே உட்கார்ந்து 1,800 டாலருக்கு கிஃப்ட் கார்டு எண்களைப் படித்துக் காட்டிவிட்டார். குடியுரிமை இல்லாதவர்களை ஜூரிக்கு எடுப்பதே கிடையாது என்பது அந்தப் பதற்றத்தில் அவருக்கு எப்படித் தெரியும்? போனை வையுங்கள். கவுண்டி இணையதளத்தில் எண்ணை நீங்களே எடுத்து, நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். வாரண்ட் நிஜமாகவே இருந்தால் அதற்கு முடிவு கோர்ட்டில்தான், கிஃப்ட் கார்டு கேட்டு எந்த டெபுடியும் எந்த ட்ரூப்பரும் போன் செய்வதில்லை.