ஓசூரில் போட்ட வட்டம், பெங்களூரில் கரையும் காசு

ஓசூரில் இருக்கும் ஒரு பாத்திரக்கடையோ பல் ஆஸ்பத்திரியோ ஃபேஸ்புக்கில் விளம்பரம் கொடுக்கிறது என்று வையுங்கள். விளம்பரம் யாருக்குத் தெரிய வேண்டும் என்று கடையைச் சுற்றி 25 கிலோமீட்டர் வட்டம் போட்டாலே எலக்ட்ரானிக் சிட்டி உள்ளே வந்துவிடும். 40 போட்டால் பெங்களூரின் நடுப்பகுதியும் சேரும். கிருஷ்ணகிரியை மையமாக வைத்து 80 போட்டாலும் இதே கதைதான், கூடவே ஆந்திரத்துக் குப்பமும் வரும். தருமபுரியிலிருந்து 60 போட்டால் சேலம். ஆள் எங்கே அதிகமோ, கிளிக் எங்கே சுலபமாகக் கிடைக்கிறதோ, அங்கேதான் விளம்பரம் ஓடும். சூளகிரிக்காரர் பார்க்க வேண்டிய விளம்பரத்தை பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒருவர் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார். கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் சின்னக் கடைகளின் விளம்பரக் காசு வீணாவது பெரும்பாலும் இப்படித்தான்.

இதற்குப் பெரிய வட்டத்தை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சேர்க்க வேண்டும்: ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி, பாகலூர். பட்டியலில் கிடைக்காத ஊருக்கு மட்டும் 10 கிலோமீட்டரில் சின்ன வட்டம் போதும். பிறகு பெங்களூரை 'விலக்கு' பகுதியில் சேர்த்துவிடுங்கள். ஃபேஸ்புக், கூகுள் இரண்டிலும் இந்த வசதி உண்டு. கூகுளில் இன்னொரு பொறியும் இருக்கிறது. இடத்துக்கான அமைப்பில், அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊர்மேல் 'ஆர்வம் காட்டியவர்களும்' தானாகவே சேர்ந்திருப்பார்கள். டெல்லியில் உட்கார்ந்து ஒகேனக்கல்லைத் தேடியவரும் அதில் அடக்கம். லாட்ஜ் நடத்துபவருக்கு அது வேண்டும். பென்னாகரத்தில் சிமெண்ட் விற்பவருக்கு எதற்கு? 'அங்கே இருப்பவர்கள் மட்டும்' என்று மாற்றுங்கள். அதே பக்கத்தில் டிஸ்ப்ளே நெட்வொர்க் (மற்ற இணையதளங்கள், ஆப்கள்), சர்ச் பார்ட்னர்ஸ் (கூகுளோடு சேர்ந்த மற்ற தேடல் தளங்கள்) இரண்டின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் குழந்தைகள் விளையாடும் மொபைல் கேமில் எல்லாம் உங்கள் விளம்பரம் வரும்.

பெங்களூர் வாடிக்கையாளரே வேண்டும் என்றால், உதாரணமாக செந்தூரா, மல்கோவா மாம்பழங்களைப் பெட்டி போட்டு அனுப்புபவர் என்றால், அதற்குத் தனி கேம்பெயின், தனி பட்ஜெட். உள்ளூரோடு கலக்கவே கூடாது.

இதெல்லாம் காசு கொடுத்துச் செய்யும் வேலை. அதற்கு முன்னால் காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது, கூகுள் மேப்பில் கடையைப் பதிவது. போர்டில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே போடுங்கள். 'கிருஷ்ணகிரி நம்பர் 1 மலிவு விலை' என்று பெயரோடு ஒட்டினால் கணக்கை முடக்கிவிடுவார்கள், மீட்கும் வேலை நாய்ப்பாடு. சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெரு, பக்கத்துக் கடைகள், உங்கள் போர்டு, ஷட்டர் திறப்பது, கல்லாப்பெட்டி எல்லாம் வெட்டாமல் ஒரே ஓட்டமாக வர வேண்டும். அரை நிமிடத்துக்குக் குறையக் கூடாது. மேப்பில் கடையின் இடத்தைக் காட்டக் குத்தும் முள்ளையும் கவனியுங்கள். ஹைவேயை ஒட்டிய கடைக்கு முள் எதிர்ப்பக்கம் விழுந்தால், வருகிறவர் மேம்பாலம் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். பாதிப் பேர் அப்படியே போய்விடுவார்கள். ரிவ்யூ எழுதினால் தள்ளுபடி என்று எழுதி ஒட்டாதீர்கள், அது கூகுள் விதிக்கு எதிரானது. பில் கொடுக்கும்போது வாயால் கேட்டாலே போதும்.

அடுத்து கீவேர்டு, அதாவது கூகுளில் எந்த வார்த்தையைத் தேடினால் உங்கள் விளம்பரம் வர வேண்டும் என்பது. புதிதாகத் தொடங்குபவர் 'பிராட்' (தொடர்புள்ள தேடல் எல்லாம்) பக்கமே போகாமல் ஃப்ரேஸ் (அந்தச் சொற்றொடரின் பொருள் அடங்கிய தேடல்), எக்ஸாக்ட் (அதே பொருளுள்ள தேடல் மட்டும்) இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நம் ஆட்களில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். அந்த எழுத்துக்கூட்டலையும் இரண்டு மூன்று விதமாகச் சேருங்கள். வாரம் ஒருமுறை 'சர்ச் டெர்ம்ஸ்' அறிக்கையைத் திறந்து, மக்கள் உண்மையில் என்ன தேடி உள்ளே வந்தார்கள் என்று படியுங்கள். வேண்டாத வார்த்தைகளை நெகட்டிவ் கீவேர்டில் போட வேண்டும், அவற்றைத் தேடுபவருக்கு விளம்பரம் வராது. மாம்பழப் பெட்டி விற்பவருக்கு மாங்கன்று, மாங்கூழ், மாங்கனி கண்காட்சி, ஊறுகாய் செய்வது எப்படி ஆகிய நான்கும் வேண்டாதவை. யாருக்கானாலும் 'வேலை', 'சம்பளம்', 'இலவசம்' மூன்றையும் முதல் நாளே போட்டுவிடலாம். ஒகேனக்கல் லாட்ஜுக்கு 'நீர்வரத்து இன்று' கட்டாயம். அதைத் தேடுபவர்களில் பலர் அறை எடுக்க வருபவர்கள் அல்ல. காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் தண்ணீர் ஏறி, பரிசலுக்குத் தடை என்ற செய்தி வந்ததும் விளம்பரத்தை நிறுத்திவிடுங்கள். அன்றைக்கு வரும் கிளிக்கெல்லாம் 'குளிக்க விடுவார்களா' என்று கேட்கிற போன்தான்.

கூகுள் விளம்பரத்துக்குத் தமிழில் தலைப்பு எழுதும்போது இடம் பற்றாது. ஒரு தலைப்புக்கு 30 எழுத்து, விளக்கத்துக்கு 90. ஆனால் கொக்கி, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியே எண்ணப்படும். 'கிருஷ்ணகிரி' என்ற பெயரே 11 இடம் தின்றுவிடும், 'தருமபுரி' 8. ஊர், பொருள், விலை மூன்றும் இருந்தால் போதும். 'தரமான', 'நம்பிக்கையான' போன்ற சொற்களுக்கு அங்கே இடமும் இல்லை, பலனும் இல்லை.

பட்ஜெட் கணக்கு. மாதம் கையிலிருந்து 10,000 ரூபாய்தான் என்றால் அதற்குள் 18 சதவீத ஜிஎஸ்டியும் அடங்க வேண்டும். கூகுள் ஒரு நாளில் நீங்கள் சொன்னதைப்போல இரண்டு மடங்குவரை செலவழிக்கும். ஆனால் மாதத்துக்கு நாள் பட்ஜெட்டின் 30.4 மடங்கைத் தாண்டாது. ஆகவே நாளுக்கு 275 என்று வையுங்கள். மாதத்துக்கு 8,360, வரியோடு ஏறத்தாழ 9,865. விளம்பரக் கணக்கில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைச் சேர்த்தால் அந்த வரியை உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் சின்ன சதவீதத்தை வரியாகக் கட்டும் சிறு வியாபாரிகள் திட்டம்) இருப்பவருக்கு அது கிடையாது.

ஒரு விசாரிப்புக்கு எவ்வளவு கொடுக்கலாம்? பர்கூரில் ஒரு ஜவுளிக்கடையில் சராசரி பில் 4,000, அதில் நிற்பது 800 என்று கொள்வோம். எட்டுப் பேர் விசாரித்து ஒருவர் வாங்கினால், ஒரு விசாரிப்புக்கு 100 ரூபாய் கொடுத்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. 50க்குக் கீழே வைத்திருந்தால்தான் நடத்தலாம். லைக், ரீச் (எத்தனை பேர் கண்ணில் பட்டது) எல்லாம் இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. ஃபேஸ்புக்கில் போஸ்ட்டுக்குக் கீழே வரும் 'பூஸ்ட்' பட்டனை விட்டுவிட்டு, விளம்பரங்களை நிர்வகிக்கும் ஆட்ஸ் மேனேஜரில் போய், வாட்ஸ்அப்புக்கு அனுப்பும் விளம்பரமாகப் போடச் சொல்வது இதனால்தான். பட்டுச்சேலை என்றால் போட்டோவிலேயே விலையை எழுதுங்கள், விலை கேட்டு மட்டும் ஓடுபவர்கள் குறைவார்கள். விளம்பரத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை நோண்டவும் வேண்டாம். பெரிய மாற்றம் எது செய்தாலும், யாருக்குக் காட்டினால் பலன் என்று ஃபேஸ்புக் கற்றுக்கொள்வதை முதலிலிருந்து தொடங்கும்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பெரிய கடைகளும் ஆன்லைன் நிறுவனங்களும் விளம்பர இடத்துக்கான ஏலத்தில் இறங்குவதால் கிளிக் விலை ஏறும். கல்யாண ஜவுளிக்காரர் ஆடியில் பட்ஜெட்டைச் சுருக்கி, ஆவணி முகூர்த்தத்துக்காக ஆடிக் கடைசி வாரத்திலேயே ஏற்றுவது புத்திசாலித்தனம்.

போன் எடுக்க ஆள் இல்லாத நேரத்தில் விளம்பரம் ஓடக்கூடாது. கடை 9 முதல் 8 வரை என்றால் நேர அட்டவணையும் அதுவே.

வேலையை வெளியாளிடம் கொடுத்தால், விளம்பரக் கணக்கும் மேப் பதிவும் உங்கள் மெயில் ஐடியில்தான் இருக்க வேண்டும். அவருக்கு அணுகல் மட்டும் கொடுங்கள். அவருடைய கணக்கில் ஓட்டினால், பிரியும் நாளில் சேர்த்த நெகட்டிவ் கீவேர்டு, பழைய விவரங்கள், ரிவ்யூ எல்லாம் அவர் பக்கமே நின்றுவிடும். காசு கட்டும் கார்டும் உங்களுடையதாக இருக்கட்டும். அவர் கூலியைத் தனியாகக் கொடுத்தால், விளம்பரத்துக்குப் போனது எவ்வளவு என்பதை பில்லிலேயே பார்த்துக்கொள்ளலாம்.