இறுகிய ஃபோர் வீல் லீவர்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

சென்ற ஐப்பசியில், தோப்பிலிருந்து கண்மாய்க்கரை வழியாகக் கானாடுகாத்தானில் உள்ள சித்தப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, வண்டியின் ஃபோர் வீல் லீவர் 4எச், அதாவது நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் நிலையிலேயே இறுகிக்கொண்டது. ஒரு கையால் இழுத்தேன், பிறகு இரண்டு கைகளாலும் இழுத்தேன், அசையவில்லை. சித்தப்பா பம்ப்செட் அறையிலிருந்து ஓர் இரும்புக் குழாயை எடுத்துவந்து, லீவரின் மேல் மாட்டி நெம்பிப் பார்க்கலாம் என்றார். அதற்குள் வந்து சேர்ந்த மெக்கானிக் குழாயைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அதைக் கீழ வைங்க. வண்டிய நேரா ரிவர்ஸ்ல பத்தடி எடுங்க" என்றார். எடுத்தேன். வண்டிக்கு அடியில் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இரண்டு விரலால் தள்ளியதும் லீவர் 2எச், அதாவது இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் நிலைக்கு வந்துவிட்டது.

அன்று லீவரில் ஒரு கோளாறும் இல்லை. அதற்கு முந்தைய பத்து நிமிடங்களில் நான் வண்டியை ஓட்டிய விதத்தில்தான் கோளாறு இருந்தது. கண்மாய்க்கரையின் சேற்றைத் தாண்டி ஊருக்குள் நுழைந்த பிறகும் 4எச் நிலையை மாற்ற மறந்திருந்தேன். கானாடுகாத்தானின் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடி, ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டிக்கொள்பவை. காய்ந்த கெட்டித் தரையில் அப்படி மூன்று திருப்பங்கள் திரும்பி வந்து வாசலில் நிறுத்தியிருந்தேன்.

தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுக்கும் வண்டிகளில், லீவரை 4எச் நிலைக்குத் தள்ளியதும், கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையைப் பகிர்ந்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டிக்குள், அச்சுகளுக்கு விசையைக் கொண்டுபோகும் முன்பக்க புரொப்பல்லர் ஷாஃப்டும் பின்பக்க புரொப்பல்லர் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டு, ஒரே வேகத்தில் சுழலத் தொடங்குகின்றன. ஆனால் வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். மஹிந்திராவின் மூன்று கதவு 'தார்' வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் முன், பின் அச்சுகளுக்கு இடையே 2,450 மி.மீ. உள்ளது. பின் அச்சின் நடுப்பகுதி 5 மீட்டர் ஆரத்தில் ஒரு செங்கோணத் திருப்பம் திரும்பினால், அது ஓடும் தூரம் சுமார் 7.85 மீட்டர், முன் அச்சின் நடுப்பகுதி ஓடும் தூரமோ சுமார் 8.75 மீட்டர். ஒரே திருப்பத்தில் ஏறத்தாழ 90 செ.மீ. வித்தியாசம் வந்துவிடுகிறது. நனைந்த செம்மண்ணிலோ சரளையிலோ சக்கரம் சற்று வழுக்கி இந்த வித்தியாசத்தைக் கழித்துவிடும். தார்ச்சாலையிலும் சிமெண்டிலும் சக்கரம் எளிதில் வழுக்காது. எனவே அதில் ஒரு பகுதி ஷாஃப்டுகளிலும் அச்சுகளிலும் முறுக்காக ஏறி நிற்கும். முறுக்கேறிய கிணற்றுக் கயிற்றின் முடிச்சை நகத்தால் அவிழ்க்க முயல்வதும், அந்த நிலையில் லீவரை இழுப்பதும் ஒன்றுதான். முறுக்கு இறங்கும்வரை, பூட்டியிருக்கும் பற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டே இருக்கும்.

ஆகவே முதல் தவறு, பலத்தைக் கூட்டுவது. லீவரை இரண்டடிக் குழாய் போட்டு நெம்பும்போது அந்த விசை பற்களை விடுவிப்பதில்லை. லீவரின் அடி முனை, இணைப்புத் தண்டு, புஷ், ஷாஃப்டுகளைப் பூட்டும் பல்வளையமான ஸ்லீவை உள்ளே நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க் ஆகிய மெலிந்த உறுப்புகளின் மேல்தான் அது இறங்குகிறது. ஃபோர்க் வளைந்துவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸையே இறக்கிப் பிரிக்க வேண்டியிருக்கும். இரண்டு விரலால் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு அது மிகப் பெரிய விலை. ஸ்டீயரிங்கை நேராக வைத்து, மெதுவாகப் பின்னோக்கிச் சில மீட்டர் எடுத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த நிலையில் லீவரை மிதமான அழுத்தத்தோடு தள்ளிப் பார்ப்பதே சரியான வழி. அப்படியும் விடவில்லை என்றால், ஒரு பக்கச் சக்கரங்களைச் சாலையோர மண்ணில் இறக்கி, இருபதடி நேராக ஓட்டினால் பெரும்பாலும் முறுக்கு இறங்கிவிடும். சில வண்டிகளில் லீவர் 2எச் இடத்துக்கு வந்த பிறகும் டேஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். உள்ளே ஸ்லீவ் இன்னும் விடுபடவில்லை என்று அதற்குப் பொருள். லீவர் நிற்கும் இடத்தைவிட விளக்கைத்தான் நம்ப வேண்டும்.

அடுத்த தவறு, சேற்றில் சக்கரம் சுழன்று புதையத் தொடங்கிய பிறகு அவசரமாக லீவரைத் தள்ளுவது. பின்சக்கரம் காற்றாடியாகச் சுழல, முன்சக்கரம் அசையாமல் நிற்கும் அந்த நேரத்தில், இரண்டு ஷாஃப்டுகளின் வேகங்களும் சிறிதும் பொருந்தாதிருப்பதால் பற்கள் கரகரவென்று உரசும். கை மறுபடியும் அதை 'இறுக்கம்' என்றே எடுத்துக்கொள்ளும். கரையில் இறங்குவதற்கு முன்பே, நேரான வழியில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது 2எச் நிலையிலிருந்து 4எச் நிலைக்கு மாற்றிவிட வேண்டும். எந்த வேகம் வரை மாற்றலாம் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். அதற்குக் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். 4எல், அதாவது நான்கு சக்கரங்களுக்கும் குறைந்த வேகத்தில் கூடுதல் இழுவிசை கொடுக்கும் நிலையின் கதை வேறு. அதற்குப் பொதுவாக வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, க்ளட்சை முழுவதும் மிதித்து மாற்ற வேண்டும். பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி நின்றால் லீவர் பாதியில் தடைபடும். அப்போது லீவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, வண்டியை ஓரடி நகர்த்திவிட்டு, மீண்டும் மாற்றிப் பார்த்தால் போதும். க்ளட்ச் சரியாகப் பிரியாத வண்டியில் இந்தத் தடை திரும்பத் திரும்ப வரலாம். ரிவர்ஸ் கியர் விழும்போதும் உரசல் கேட்டால், பார்க்க வேண்டியது க்ளட்சைத்தான்.

முன்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைக் கையால் திருகிப் பூட்டும் பழைய வண்டிகளை இன்னும் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹப் பூட்டப்படாத நிலையில் வண்டி ஓடும்போது முன் ஷாஃப்ட் சுழலாமல் நிற்கும். ஓட்டத்திலேயே லீவரைத் தள்ளினால் பல் தேயும். இறங்கி ஹப்பைப் பூட்டிவிட்டு வந்து மாற்ற வேண்டும். மழையில் இறங்கச் சோம்பல் வரும் என்பது எனக்கும் தெரியும்.

லீவரோடு போராடும்போது வரக்கூடிய ஆபத்து ஒன்று உண்டு. அதைப் பலர் அறிவதே இல்லை. 4எச், 4எல் நிலைகளுக்கு இடையே டிரான்ஸ்ஃபர் கேஸுக்கென்று தனியாக ஒரு நியூட்ரல் பல வண்டிகளில் இருக்கிறது. லீவர் அங்கே நின்றுவிட்டால் கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பே இருக்காது. முதல் கியரில் போட்டு நிறுத்தினாலும், ஆட்டோமேட்டிக் வண்டியை 'பி' (பார்க்கிங்) நிலையில் வைத்தாலும், வண்டி சரிவில் உருளும். ஊருணிப் படித்துறைச் சரிவில் வண்டியை நிறுத்தி, லீவர் இறுகிவிட்டதே என்று கீழே இறங்கிக் குனிந்து பார்ப்பவர், முதலில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துச் சக்கரத்துக்குக் கல்லும் வைத்திருக்க வேண்டும்.

நேர்ச்சாலையில் மட்டுமே ஓட்டியும் லீவர் இறுகுகிறது என்றால், டயர்களைப் பாருங்கள். செலவைச் சுருக்குவதற்காகப் பின்னால் மட்டும் இரண்டு புது டயர் போட்டுவிட்டு, தேய்ந்த டயர்களை முன்னால் விட்டுவைப்பது நம் பக்கத்தில் சாதாரணம். டயரின் தடிப்பு 5 மி.மீ. குறைந்தால் விட்டம் 1 செ.மீ. குறையும். அதனால் சக்கரத்தின் ஒரு சுற்றில் ஓடும் தூரம் 3 செ.மீ. குறைவது பெரிதாகத் தோன்றாது. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 400 சுற்று என்று கணக்கிட்டால், முன்னும் பின்னும் சேர்ந்து ஓட வேண்டிய சக்கரங்களுக்கு இடையே 12 மீட்டர் அளவுக்கு வித்தியாசம் சேரும். காற்றழுத்தம் கன்னாபின்னாவென்று மாறியிருந்தாலும் இதன் சிறிய வடிவம் நிகழும். 2எச் நிலையில் இதெல்லாம் வெளியே தெரியாது.

லீவரின் ரப்பர் உறையைத் தூக்கி, மேலிருந்து எண்ணெயையோ கிரீஸையோ ஊற்றுவது இன்னொரு வழக்கம். இறுக்கம் உள்ளே பற்களில் இருக்கும்போது மேலே ஊற்றிய எண்ணெய் அங்கே போய்ச் சேராது. உறை கிழிந்திருந்தால் இன்னும் மோசம். நம் செம்மண் புழுதி கிரீஸோடு கலந்து, உப்புத்தாள் போல மூட்டுகளைத் தேய்க்கும். வெளி இணைப்புத் தண்டுகளும் புஷ்களும் உள்ள வண்டியில், சேற்றைக் கழுவி, உலர்த்தி, தேய்ந்த புஷ்ஷை மாற்றி, கையேடு சொல்லும் கிரீஸை மட்டும் அளவாகத் தடவ வேண்டும். கிழிந்த உறையை அன்றே மாற்றிவிடுவது நல்லது.

ஆயில் விஷயத்தில் ஊகத்துக்கு இடமே இல்லை. சில டிரான்ஸ்ஃபர் கேஸ்களுக்குக் கியர் ஆயில், சிலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு உரிய மெல்லிய ஆயில். மீதமிருக்கிறதே என்று ஒன்றின் ஆயிலை மற்றொன்றில் ஊற்றக் கூடாது. ஆயில் மாற்றும்போது, வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன் மேலே நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வடித்த பிறகு மேலே உள்ளது துருப்பிடித்துக் கழலாமல் போனால் வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கும். வடிந்த ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நிறைந்த கண்மாயின் கலுங்கு வழியாக வண்டியை இறக்கி ஏற்றியவர்களுக்கு இது நேரும். டிரான்ஸ்ஃபர் கேஸின் காற்றுப்போக்கிக் குழாய் அடைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

ஆண்டுக்கு மூன்று மாதம் மட்டுமே மழை பார்க்கும் சீமையில், மீதி ஒன்பது மாதமும் லீவரைத் தொடாமலே விட்டுவிடுகிறோம். அசையாத தண்டும் ஃபோர்க்கும் இருந்த இடத்திலேயே பிடித்துக்கொள்கின்றன. நான் இப்போது மாதம் ஒரு முறை தோப்புக்குப் போகும் மண்பாதையில் 4எச் போட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, தார்ச்சாலை ஏறும் முன் எடுத்துவிடுகிறேன்.

இவ்வளவும் பார்த்த பிறகும், மேடு பள்ளம் இல்லாத மண் தரையில், முறுக்கே ஏறாத வண்டியில் லீவர் இறுகினால் மட்டும் பட்டறைக்குப் போகலாம். அங்கேயும் "லீவர் டைட்டா இருக்கு" என்று மட்டும் சொல்லாமல், எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு வர மறுக்கிறது, வண்டி சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா, கூடவே சத்தம் வருகிறதா என்பதையும் சொல்ல வேண்டும். என்ஜினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் மவுண்டிங் ரப்பர் உட்கார்ந்துபோய் லீவர் தரைத்தகட்டில் இடிப்பதால் மட்டுமே இறுகிய வண்டியை அதே மெக்கானிக் எனக்குக் காட்டியிருக்கிறார். முந்தைய பட்டறையில் அதன் டிரான்ஸ்ஃபர் கேஸை ஒரு முறை முழுவதும் பிரித்து மாட்டியிருந்தார்களாம்.