தூணும் கண்டல் வேரும் உள்ள இடத்தில் பிரீம் பிடிக்க றீல் தெரிவு செய்வது எப்படி?

முகத்துவாரத்தில் களனி கங்கை கடலோடு சேரும் இடம், பாணந்துறையில் பொல்கொட ஏரி கடலுக்குத் திறக்கும் வாய், நீர்கொழும்புக் களப்பின் கண்டல் ஓரம். கொழும்பில் இருந்து பிரீம் தேடிப் போகிறவர்கள் தூண்டில் போடுவது பெரும்பாலும் இப்படியான இடங்களில்தான். மீன் திறந்த தண்ணீரில் நிற்காது. பாலத் தூண், அமிழ்ந்த மரம், கருங்கல் அணை என்று ஏதாவது ஒன்றோடு ஒட்டித்தான் நிற்கும், ஏனென்றால் நண்டும் மட்டியும் சிப்பியும் அங்கேதான் இருக்கின்றன. இரையைக் கவ்வியதும் அது திரும்பிப் பாய வேண்டிய தூரம் ஒரு மீற்றர்கூட வராது. அந்த ஒரு மீற்றரை விட்டுக்கொடுக்காத றீல்தான் உங்களுக்கு வேண்டும். 300 மீற்றர் நூல் கொள்ளும் ஸ்பூலும் (நூல் சுற்றியிருக்கும் உருளை), பெட்டியில் பெரிதாக அச்சடித்த பேரிங் எண்ணிக்கையும் இங்கே பயன்படாது.

முதலில் லீடரில், அதாவது பிரதான நூலின் நுனிக்கும் முள்ளுக்கும் இடையே கட்டும் நூல் துண்டில் இருந்து கணக்குப் பாருங்கள். இப்படியான இடத்துக்கு 12 இறாத்தல் ஃபுளோரோகாபன் லீடர் பொருத்தம். அது ஏறத்தாழ 5.4 கிலோ தாங்கும். திறந்த தண்ணீரில் ட்றாக்கை (எவ்வளவு பாரத்தில் ஸ்பூல் நூலை விடத் தொடங்கும் என்று இறுக்கி வைக்கும் தடுப்பு) லீடரின் தாங்குசக்தியில் நாலில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை வைப்பது வழக்கம். தூணருகே அது போதாது, 40 முதல் 45 வீதம் வரை ஏற்ற வேண்டும். அதாவது 2.2 முதல் 2.4 கிலோ. ஆகவே பெட்டியில் "ட்றாக் 10 கிலோ" என்று இருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். 2.3 கிலோவில் அந்த ட்றாக் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் கேள்வி. 4 அல்லது 5 கிலோ என்று எழுதிய நல்ல றீல், 10 கிலோ என்று எழுதிய மலிவு றீலைவிட இந்த இடத்தில் ஒழுங்காக வேலை செய்யும்.

ட்றாக்கின் உள்ளே இருக்கும் வொஷர் கம்பளியா காபனா என்று கேளுங்கள். கிறீஸ் பூசிய கம்பளி வொஷர் இலேசான அழுத்தத்தில் வழுவழுப்பாக ஓடும். தொடர்ந்து இறுக்கி வைத்தால் நசுங்கி, ஒட்டிக்கொண்டு, பிறகு திடீரென்று விடும். அந்த உதறலில்தான் லீடர் அறுகிறது. காபன் வொஷர் இறுக்கத்தைத் தாங்கும். கடையிலேயே சோதிக்கலாம். ட்றாக்கை முக்கால் பங்கு இறுக்கி, ஸ்பூலைக் கையால் மிக மெதுவாகச் சுழற்றுங்கள். புறப்படும் கணத்தில் ஒரு வெட்டு தெரிந்தால் அந்த றீலைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

அடுத்தது பின்னாட்டம். பெயில் கம்பியை (நூலை ஸ்பூலில் சுற்ற வழிகாட்டும் வளைந்த கம்பி) மூடி, ஸ்பூலை அசையாமல் பிடித்துக்கொண்டு கைபிடியைப் பின்னோக்கி அழுத்துங்கள். கைபிடி சிறிதும் பின்வாங்கக் கூடாது. பின்வாங்கினால் உள்ளே இருக்கும் ஒருவழிப் பேரிங் சரியில்லை. பிறகு கைபிடியை அதே இடத்தில் வைத்தபடி றோட்டரை (ஸ்பூலைச் சுற்றி ஓடும் பாகம்) பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பாரம் ஏறும்போது றோட்டரும் உடலும் வளைந்தால் பற்சக்கரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். கைபிடி கனத்து, கரகரக்கும். உலோக உடலுள்ள றீல் 30, 40 கிராம் கூடுதலாக இருந்தாலும் இங்கே அதற்கே என் வாக்கு. பாரம் குறைந்த பிளாஸ்டிக் உடல் களப்பின் திறந்த பகுதிக்குப் போதும், தூணுக்குப் போதாது.

றீலின் அளவு 2500. மீன் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள்தான் வரும் என்பதால் 1000 அளவே போதும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அதே கண்டல் வேரடியில் செம்பல்லியும் கொடுவாவும் நிற்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இலக்கங்கள் கம்பனிக்குக் கம்பனி மாறும். டைவா கம்பனியின் எல்டி வரிசைக்கு முந்திய 2500, இப்போதைய 3000 அளவுக்குக் கிட்டியது. பழைய றீல் வாங்குகிறவர்கள் இலக்கத்தை நம்பாமல் ஸ்பூலின் விட்டத்தை அளந்து பாருங்கள்.

கியர் விகிதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்பூலின் விட்டம் 46 மில்லிமீற்றர், கைபிடியின் நீளம் 55 மில்லிமீற்றர் என்று வையுங்கள். 6.2 விகிதத்தில், அதாவது கைபிடி ஒரு தரம் சுற்ற றோட்டர் 6.2 தரம் சுற்றும்போது, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர் நூல் வரும், 5.1 இல் 74. ஆனால் கைபிடியில் 3 கிலோ அழுத்தம் கொடுத்தால் நூலில் கிடைக்கும் இழுவை 6.2 இல் 1.15 கிலோ, 5.1 இல் 1.4 கிலோ. உராய்வு போனால் இன்னும் குறையும். இரண்டுமே நாம் வைத்த ட்றாக்கை எட்டவில்லை. ஆகவே மீனைச் சுற்றி இழுத்து எடுக்க நினைக்காதீர்கள். தடியால் தூக்கி, தடியை இறக்கும்போது மட்டும் சுற்றுங்கள். கண்டலுக்கு அடியில் தூர வீசி இழுப்பவருக்கு 6.2 நல்லது, மீன் நம்மை நோக்கி வந்தால் தளர்ச்சியை உடனே எடுக்கலாம். பாலத்தின் கீழ் நேராக இறக்கிப் பிடிப்பவருக்கு 5.1 முதல் 5.3. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் குறைந்த விகிதத்தையே வாங்குங்கள். கைபிடி நீளமானதைப் போட முடிந்தால் இன்னும் நல்லது.

நூல் றோலரைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். பெயில் கம்பியின் முனையில் உள்ள அந்தச் சிறிய உருளையின் மேல் நூலை மடித்து இழுத்தால், உருளை நூலோடு சேர்ந்து உருள வேண்டும். நூல் மட்டும் வழுக்கி ஓடினால் சில மாதத்தில் அதில் மெல்லிய கோடு விழும், பிறெயிட் (பின்னல் நூல்) அந்தக் கோட்டிலேயே உரசி நைந்துபோகும். உப்புத் தண்ணீரில் முதலில் இறுகிப் போகும் பாகமும் இதுதான்.

நூல் பிஈ 1 பிறெயிட் (பிஈ என்பது பிறெயிட்டின் தடிப்பைக் குறிக்கும் இலக்கம்), 150 மீற்றர். வெறும் ஸ்பூலில் நேரே கட்டினால் பிறெயிட் முழுவதும் ஒரே கட்டாக ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழலும். ட்றாக் பழுதாகிவிட்டது என்று நினைத்து றீலைக் கழற்றுவார்கள், றீலில் ஒரு குறையும் இருக்காது. அடியில் சில மீற்றர் தங்கூசி சுற்றி, அதன் மேல் பிறெயிட்டைக் கட்டுங்கள். சுற்றும்போது நனைந்த துணியால் நூலை இறுக்கிப் பிடியுங்கள். இளக்கமாகச் சுற்றினால் மீன் இழுக்கும்போது மேல் நூல் கீழ் நூலுக்குள் புதையும். ஸ்பூல் விளிம்புக்கு 1.5 முதல் 2 மில்லிமீற்றர் கீழே நிறுத்துங்கள். லீடர் ஒன்றரை மீற்றருக்குக் குறையக் கூடாது. கொழும்புக் கரையில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வித்தியாசம் இல்லை, அதனால் தூணில் சிப்பி அடர்ந்த பட்டை நீர்மட்டத்தை ஒட்டியே இருக்கும். மீனைத் தூக்கும் கடைசி நேரத்தில் நூல் உரசுவது அந்தப் பட்டையில்தான், பிறெயிட் அங்கே ஒரு கணமும் நிற்காது.

இதுவரை சொன்னது ஸ்பின்னிங் றீலைப் பற்றி. தடியின் மேல் பொருத்தி, ஸ்பூலே சுழலும் பெயிற்காஸ்ரர் றீலில் நூல் றோலரில் மடியாமல் நேரே ஸ்பூலுக்குப் போகும், பெருவிரலாலும் தடுக்கலாம். பலம் அதிகம்தான். ஆனால் 5 கிராமுக்குக் குறைந்த இரையை வீசினால் சாதாரண பெயிற்காஸ்ரரில் நூல் சிக்கும். யப்பானில் அணைச் சுவரோரம் கறுப்பு பிரீம் பிடிப்பவர்கள் கியரே இல்லாத சக்கர றீலைப் பெருவிரலால் அடக்கி, நண்டை நேராக இறக்குகிறார்கள். பாலத்தடியில் மட்டும் பிடிப்பவருக்கு அது அருமையான முறை.

ட்றாக்கை வைக்க ஒரு தூக்குத் தராசு வாங்குங்கள். நூலைத் தடியின் எல்லா வளையங்களுக்குள்ளாலும் விட்டு, நுனியைத் தராசில் கட்டி, தடியை 45 பாகையில் பிடியுங்கள். மற்றொருவர் தராசை மெதுவாக இழுக்க, நூல் புறப்படும் எடையைப் படியுங்கள். றீலில் இருந்து நேரே இழுத்து அளந்தால் வளையங்களின் உராய்வு கணக்கில் வராது, மீன் உணரும் பாரம் அதைவிடக் கூடவே இருக்கும். 2.3 கிலோவில் மெல்லிய முள் நிமிர்ந்துவிடும் என்பதால் தடித்த கம்பி முள்ளையே கட்டுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ட்றாக்கை முழுதாக இறுக்கி, குழாய்த் தண்ணீரை மெல்லத் திறந்து றீலைக் கழுவுங்கள். இறுக்காவிட்டால் தண்ணீர் வொஷருக்குள் போகும். வாளியில் அமிழ்த்தவும் வேண்டாம், வேகமாகப் பீச்சவும் வேண்டாம், இரண்டும் உப்பை உள்ளே தள்ளும். துடைத்து நிழலில் காயவிட்டு, ட்றாக்கை முற்றாகத் தளர்த்தி வையுங்கள். நூல் றோலருக்கு ஒரு துளி எண்ணெய். ஒருவழிப் பேரிங்குக்கு மட்டும் கிறீஸ் பூசாதீர்கள். அதில் கிறீஸ் ஏறினால் உருளைகள் பிடிக்காமல் வழுக்கும், அடுத்த முறை மீன் இழுக்கும்போது கைபிடி பின்னால் சுழலும்.