வடிவமைப்பாளர்களே, நீங்களும் உறுப்பினராகுங்கள்

இணையக் குழு ஒன்றுக்குத் திரைகளை வடிவமைக்கிறீர்களா? முதல் வேலையாக அதில் சாதாரண உறுப்பினராகச் சேருங்கள். நிர்வாகி உரிமை எதுவும் இல்லாத கணக்கு போதும். பெரிய கணினித் திரை வேண்டாம், பழைய போனிலேயே பாருங்கள். தினமும் பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு கேள்வி கேளுங்கள், யாருக்காவது பதில் எழுதுங்கள்.

நான் அப்படி எழுதியபோதுதான் கவனித்தேன்: கீபோர்டு மேலே வந்ததும், எந்தப் பதிவுக்குப் பதில் எழுதுகிறேனோ அதுவே மறைந்துவிட்டது. வரிக்கு வரி மேலே போய்ப் படித்துவிட்டு வர வேண்டியிருந்தது. டிசைன் கோப்பில் இது தெரியவே இல்லை.

அப்புறம், மக்கள் தாங்களாகவே கண்டுபிடிக்கும் குறுக்குவழிகளைக் குறித்து வையுங்கள். ட்விட்டரின் ஹேஷ்டேக், 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்ற பயனர் முன்வைத்த யோசனை. பிறர் பதிவை மறுபடி பகிரும் ரீட்வீட்டும் அப்படித்தான், பயனர்கள் அதைச் சுருக்கி 'ஆர்டி' என்று கையால் எழுதிவந்த பழக்கம் 2009இல் பொத்தானாக மாறியது. உள்ளே புழங்குகிறவர் கண்ணில்தான் இதெல்லாம் சீக்கிரம் படும்.

நீங்கள் யார் என்பதை மட்டும் மறைக்காதீர்கள். குறை சொல்பவரிடம் வாதாடாமல், "எந்த இடத்தில் சிக்குகிறது?" என்று கேளுங்கள். சரிசெய்ததும் முதலில் அவருக்கே தெரிவியுங்கள்.