பழைய ஆங்கில உயிலில் அமெரிக்க முன்னோரைத் தேடும்போது எங்கே சறுக்குகிறோம்?

அமெரிக்காவில் வம்சாவளி தேடுகிறவர்களில் பலர் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்பார்கள். 1630களில் மாசசூசெட்ஸிலோ 1650களில் வர்ஜீனியாவிலோ வந்து இறங்கிய ஒரு முன்னோர் வரைக்கும் ஆவணம் இருக்கும். அவர் இங்கிலாந்தில் எந்த ஊர், யார் பிள்ளை என்று கேட்டால் பதில் இருக்காது. கப்பலில் வந்தவர்களின் பட்டியல்கள் பெரும்பாலும் மிஞ்சவில்லை. அந்த நிலையில் கைகொடுப்பது உயில்தான். கடல் தாண்டிப் போன மகனையோ தங்கையையோ, இங்கிலாந்தில் சாகக் கிடந்த யாரோ ஒருவர் நினைத்துப் பெயர் சொல்லியிருப்பார். அந்த ஒரு வரி கிடைத்துவிட்டால் முந்நூறு வருஷ இடைவெளி ஒரே நாளில் மூடிவிடும்.

தவறான குடும்பத்துக்குள் நம்மைக் கொண்டுபோய் விடுவதும் அதே உயில்தான். நான் பார்த்த தவறுகளில் முதலாவது, பெயர் ஒத்துப்போகிறது என்பதையே ஆதாரமாக எடுத்துக்கொள்வது. இதற்கு ஜார்ஜ் வாஷிங்டனின் கதையை விட நல்ல பாடம் கிடையாது. அவருடைய கொள்ளுத்தாத்தா ஜான் 1650களில் வர்ஜீனியாவுக்குப் போனவர். தம்பி லாரன்ஸும் பின்னாலேயே போனார். இங்கிலாந்தின் அரச குலமுறை அதிகாரி சர் ஐசக் ஹெர்ட் 1790களில் இவர்களுக்கு ஒரு வம்சாவளி வரைந்தார். நார்தாம்ப்டன்ஷயரின் சல்கிரேவ் வாஷிங்டன் குடும்பத்தில் ஜான், லாரன்ஸ் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். பெயர் பொருந்தியது, அண்ணன் தம்பி என்ற உறவும் பொருந்தியது. சரி, இவர்கள்தான் என்று எழுதிவிட்டார். எழுபது வருஷத்துக்கு மேல் எல்லோரும் அதையே திருப்பிச் சொன்னார்கள்.

1866இல் ஜோசப் லெமுவேல் செஸ்டர் என்ற ஆய்வாளர் அதை உடைத்தார். லண்டனில் குடியிருந்த அமெரிக்கர் அவர். அந்த ஜான், சர் பட்டம் பெற்று இங்கிலாந்திலேயே வாழ்ந்தவர். அந்த லாரன்ஸ், எஸெக்ஸில் பர்லி என்ற ஊரில் பாதிரியாராக இருந்தவர். இரண்டு பேரும் வர்ஜீனியா போகவே இல்லை. செஸ்டர் செய்த வேலை எளிமையானது, ஆனால் பலர் செய்யத் தயங்குவது. தனக்குக் கிடைத்த ஆள் தொடர்ந்து இங்கிலாந்திலேயே இருந்தாரா என்று தேடினார். உயிலில் ஒரு ஜான் கிடைத்தால் நாமும் முதலில் அதைத்தான் செய்யவேண்டும். அந்த ஊர்ச் சர்ச் பதிவேட்டில், நம் ஜான் அமெரிக்காவில் இருந்த வருஷங்களில் இந்த ஜானுக்குத் திருமணமோ, பிள்ளைக்கு ஞானஸ்நானமோ, அடக்கமோ பதிவாகி இருக்கிறதா? இருந்தால் அவர் நம் ஆள் இல்லை. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

செஸ்டர் பழைய மரத்தை வெட்டிவிட்டாரே தவிர, அந்த இடத்தில் வேறொன்றை நட அவருக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உண்மையான விடை 1889இல் வந்தது. சேலம் நகரத்து ஹென்றி ஃபிட்ஸ்கில்பர்ட் வாட்டர்ஸ் (மாசசூசெட்ஸின் சேலம்) லண்டனில் பல வருஷம் உட்கார்ந்து உயில்களைப் படித்தவர். ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் ட்ரிங் என்ற ஊரின் ஆண்ட்ரூ நோலிங் எழுதிய உயில் அவருக்குப் பெரிய திறவுகோலாக இருந்தது. உயில் எழுதியவரின் பெயரில் வாஷிங்டன் இல்லை. அவர் ஒரு வாஷிங்டனின் மாமனாரும் இல்லை. ஆனால் உள்ளே ஆம்ஃபிலிஸ் வாஷிங்டன் என்ற பெண்ணும் அவள் பிள்ளைகளும் வரிசையாக வருகிறார்கள். அந்தப் பெண்ணை அவர் 'டாட்டர் இன் லா' என்று குறிப்பிடுகிறார்.

இங்கேதான் இரண்டாவது சறுக்கல். இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மகனின் மனைவி என்று பொருள். அப்படிப் படித்தால் நோலிங்குக்கு வாஷிங்டன் என்ற பெயரில் ஒரு மகன் இருந்திருக்கவேண்டும், கதை எங்கேயும் போய்ச் சேராது. 1600களில் அதே சொல் மனைவியின் முதல் கணவனுக்குப் பிறந்த மகளையும் குறித்தது. ஆம்ஃபிலிஸ் நோலிங்கின் மனைவிக்கு முந்தைய திருமணத்தில் பிறந்தவள். அவளுடைய கணவர் யார் தெரியுமா? செஸ்டர் நீக்கிய அதே பர்லி பாதிரியார் லாரன்ஸ். வர்ஜீனியா போனவர்கள் அவருடைய பிள்ளைகள். ஹெர்ட் சரியான குடும்பத்தைப் பிடித்து, தலைமுறையில் ஒரு படி தவறியிருக்கிறார்.

தமிழர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. 'மருமகன்' என்று ஒரு பழைய பத்திரத்தில் இருந்தால் அவர் மகளின் கணவரா, அக்காள் மகனா என்று நாம் நின்று யோசிப்போம். அதே நிதானம் ஆங்கில உயிலுக்கும் வேண்டும். 'கசின்' என்பது அந்தக் காலத்தில் அண்ணன் மகனாக இருக்கலாம், அக்காள் மகளாக இருக்கலாம், தூரத்துச் சொந்தமாகவும் இருக்கலாம். 'பிரதர்' என்றால் மைத்துனரும் உண்டு. பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட் பிரிவினருக்குள் ஒரே சபையைச் சேர்ந்தவரும் பிரதர்தான். 'சன் இன் லா' மனைவியின் மகனாக இருக்கலாம். சீனியர், ஜூனியர் என்று இருந்தால் அப்பா மகன் என்று உடனே எழுதவேண்டாம். நம் ஊரில் பெரிய முருகேசன், சின்ன முருகேசன் என்கிறோமே, அதுபோல ஒரே ஊரில் ஒரே பெயருள்ள இரண்டு பேரைப் பிரித்துச் சொல்லத்தான் அது. 'மை நவ் வைஃப்' என்ற தொடரைப் பார்த்து, அப்படியானால் முன்னால் ஒரு மனைவி இருந்திருக்கிறாள் என்று பலர் ஒரு பெண்ணையே கற்பனையில் உண்டாக்கிவிடுகிறார்கள். இன்று இருக்கிற மனைவிக்குத்தான் சொத்து, நாளை வேறொருத்தியைக் கட்டினால் அவளுக்குப் போகக்கூடாது என்பதற்காக எழுதும் சட்ட வார்த்தை அது. முதல் மனைவி இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

அடுத்தது, ஒரே குடும்பப் பெயரை மட்டும் தேடுவது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜான் ஹார்வர்டுடையது. பாஸ்டனை ஒட்டிய சார்ல்ஸ்டவுனில் 1638இல் முப்பதாவது வயதில் இறந்துபோனார். தன் சொத்தில் பாதியையும் சுமார் 400 புத்தகங்களையும் புதிதாக ஆரம்பித்திருந்த கல்லூரிக்குக் கொடுத்தார். அவர் பெயரில் கல்லூரி வளர்ந்து பல்கலைக்கழகமான பிறகும், அவர் யார் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. 1885இல் அதையும் கண்டுபிடித்தவர் இதே வாட்டர்ஸ்தான். அதில் முக்கியமான ஆவணம் 1635இல் எழுதப்பட்ட அவர் தாயின் உயில். ஆனால் அது ஹார்வர்ட் என்ற பெயரில் இல்லை. கேத்தரின் பிறந்தபோது ரோஜர்ஸ், ஸ்ட்ராட்ஃபர்டுக்காரர். லண்டன் சதர்க்கில் கசாப்புக்கடை வைத்திருந்த ராபர்ட் ஹார்வர்டைத் திருமணம் செய்தார். 1625 கொள்ளைநோயில் கணவரும் பல பிள்ளைகளும் போனார்கள். அப்புறம் எலெட்சன் என்பவரைக் கட்டினார், அவரும் இறந்தார். அதன் பிறகு யியர்வுட். உயில் அந்தக் கடைசிப் பெயரில் இருக்கிறது. சதர்க்கில் இருந்த 'குவீன்ஸ் ஹெட்' என்ற விடுதியை மூத்த மகன் ஜான் ஹார்வர்டுக்கு எழுதிவைக்கிறார். ஹார்வர்ட் என்ற பெயரை மட்டும் தேடியிருந்தால் இந்தத் தாய் அகப்பட்டிருக்கவே மாட்டார்.

அந்தக் காலத்தில் விதவைகள் மறுமணம் செய்வது சாதாரணம். சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் பாஸ்டனில் பிறந்தவர். அவருடைய தந்தையின் தாய் விதவையான பிறகு தியோஃபிலஸ் ஈட்டன் என்பவரை மணந்தார். அந்த ஈட்டன் நியூ ஹேவன் குடியேற்றத்தை நிறுவியவர்களில் ஒருவர். யேல் குடும்பம் அமெரிக்கா போனது அந்த மாற்றாந்தந்தையோடுதான். 1680இல் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி சர்ச்சில் யேல் கைப்பிடித்ததும் கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற விதவையைத்தான். ஆகவே தாய், பாட்டி, அத்தை எல்லோரும் எத்தனை பெயரில் இருந்திருக்கலாம் என்று எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரிலும் தேடவேண்டும். பிள்ளையில்லாத சித்தப்பா, திருமணமாகாத அத்தை இவர்களுடைய உயில்களை விட்டுவிடவே கூடாது. சொந்தப் பிள்ளை இல்லாதவர்கள்தான் அண்ணன் பிள்ளை, அக்காள் பிள்ளை, அவர்களில் யார் நியூ இங்கிலாந்தில் இருக்கிறார்கள் என்றெல்லாம் விரிவாகச் சொல்வார்கள்.

உயிலில் பெயர் இல்லை, அதனால் அவர் மகன் இல்லை என்ற முடிவும் தவறு. நிலம் பெரும்பாலும் வழக்கப்படியே மூத்த மகனுக்குப் போனது. திருமணத்தின்போதே பலருக்குப் பங்கு கொடுத்து முடித்திருப்பார்கள். ஒரு மகனுக்கு ஒரே ஒரு ஷில்லிங் எழுதியிருந்தால் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சண்டை என்று நினைக்கத் தோன்றும். பல சமயம் அவர் தன் பங்கை ஏற்கெனவே வாங்கிவிட்டார், மறந்து விடுபட்டவர் இல்லை என்று காட்டத்தான் அந்த ஷில்லிங்.

தேதி விஷயம் தமிழ் வாசகருக்கு எளிது. நமக்குச் சித்திரையில் வருஷம் பிறக்கிறது, தை மாதம் அதே வருஷத்தின் பின்பகுதியில் வருகிறது. 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி வருஷம் மார்ச் 25இல் பிறந்தது. அதனால் '1649 பிப்ரவரி' என்று உயிலில் இருந்தால் நம் கணக்கில் அது 1650. வாஷிங்டனின் பிறந்தநாளே முதலில் 1731 பிப்ரவரி 11 என்றுதான் கணக்கு. இப்போது 1732 பிப்ரவரி 22 என்கிறோம். இது தெரியாமல் படித்தால், 1649 அக்டோபரில் எழுதி, எழுதியவர் இறந்த பிறகு 1649 ஜனவரியில் கோர்ட்டில் நிரூபித்த உயில் ஒன்று கிடைக்கும். எழுதுவதற்கு முன்பே செத்துவிட்டாரே என்று குழம்பிப்போய் இரண்டு வேறு ஆட்களாக்கிவிடுவோம். எழுதிய தேதி, கோர்ட்டில் நிரூபித்த தேதி இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். மரணம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1600களின் எழுத்துமுறையில் 'சி' நம் கண்ணுக்கு 'ஆர்' மாதிரி இருக்கும், நீட்டிய 'எஸ்' 'எஃப்' மாதிரி இருக்கும். பெரிய 'எஃப்' போடவேண்டிய இடத்தில் இரண்டு சின்ன 'எஃப்' போடுவார்கள். பணத்தொகையை ரோமன் எண்ணில் எழுதி, நாலின் தலைமேல் சின்னதாக இருபது போட்டிருந்தால் அது 24 இல்லை; நாலு இருபது, அதாவது 80. ஒரு ஊர்ப்பெயர் புரியவில்லை என்றால் அதே உயிலில் நிச்சயமாகத் தெரிந்த சொற்களில் அந்த எழுத்தை அவர் எப்படிப் போட்டிருக்கிறார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டவணையிலோ சுருக்கத்திலோ படித்ததோடு நிறுத்தாதீர்கள். சுருக்கம் எழுதியவர் தனக்குத் தேவையில்லை என்று விட்ட சாட்சியின் பெயர்தான் உங்கள் குடும்பத்தின் பெயராக இருக்கும்.

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'பிராப் 11' என்ற வரிசையில் 1384 முதல் 1858 வரையிலான பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உயில்கள் இருக்கின்றன. கேன்டர்பரி பேராயரின் கோர்ட்டில் பதிவானவை. இவை கோர்ட் குமாஸ்தா பேரேட்டில் எடுத்த பிரதிகள். அடியில் இருப்பதைப் பார்த்து எங்கள் தாத்தாவின் கையெழுத்து என்று நெகிழ்ந்து சட்டம் போட்டு மாட்டியவர்கள் உண்டு, அது குமாஸ்தாவின் கை. இன்னொன்று, எல்லா உயிலும் அங்கே போகவில்லை. ஒரே பகுதிக்குள் கொஞ்சம் சொத்து வைத்திருந்தவரின் உயில் உள்ளூர்ச் சபைக் கோர்ட்டுக்குப் போனது, அவற்றை மாவட்டக் காப்பகங்களில் தேடவேண்டும். வடக்கு இங்கிலாந்து என்றால் யார்க் பேராயரின் கோர்ட். 1653 முதல் 1660 வரை மட்டும், நாடு முழுக்க லண்டனில் ஒரே கோர்ட். அமெரிக்காவிலேயே இறந்தவருக்கும் இங்கிலாந்தில் சொத்து இருந்தால் கேன்டர்பரி கோர்ட்டில் பதிவு இருக்கலாம். எங்கேயும் இல்லை என்றால் உயிலே எழுதவில்லை என்று முடிவு கட்டவேண்டாம். டெவன் பகுதி உயில்கள் பெருமளவு 1942இல் எக்ஸிடர் நகரத்தின்மேல் விழுந்த குண்டுகளில் எரிந்துபோயின.

அச்சில் வந்த வம்சாவளியை நம்புவதற்கு முன்பும் ஒரு நிமிஷம். குஸ்தாவ் அஞ்ஜூ என்பவர் பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்கு வம்சாவளி தயாரித்துக் கொடுத்தார். நிஜ ஆவணங்களுக்கு நடுவில் இல்லாத உயில்களையும் சேர்த்துவிடுவார். 1942இல் அவர் இறந்துவிட்டார், அந்தப் பொய்கள் இன்னும் புதிய மரங்களில் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. உயில் என்று யாராவது மேற்கோள் காட்டினால் எந்தக் காப்பகம், எந்த எண் என்று கேளுங்கள். மூலத்தை நீங்களே கண்ணால் பார்க்காமல் ஒரு பெயரைக்கூட மரத்தில் ஏற்றாதீர்கள்.

எது இருந்தால் நம்பலாம் என்றால், ஒரு பெயர் போதாது, கூட்டமாகப் பொருந்தவேண்டும். ட்ரிங் உயிலில் ஆம்ஃபிலிஸின் பிள்ளைகள் என்று வருகிறவர்களில் ஜான் இருக்கிறார். நோலிங்கின் ஞானப்பிள்ளையாக லாரன்ஸ் இருக்கிறார். கூடவே மார்த்தா என்று ஒரு சிறுமியும் இருக்கிறாள். கால் நூற்றாண்டு கழித்து, கடலுக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியாவில், 1675இல் ஜான் வாஷிங்டன் தன் உயிலை எழுதுகிறார். அதில் இங்கிலாந்தில் இருக்கும் தன் பணத்திலிருந்து பத்து பவுண்டு தங்கைக்கு என்கிறார். அவள் இந்த நாட்டுக்கு வந்துசேர ஆகும் செலவில் தனக்குத் தரவேண்டியிருப்பதையும் அவளுக்கே விட்டுவிடுகிறார். அந்தத் தங்கையின் பெயர் மார்த்தா.