லீவில் ஊருக்கு வந்து பல் கட்டுகிறவர்களுக்கு
துபாயிலிருந்து கீழக்கரைக்கோ தொண்டிக்கோ ஒரு மாத லீவில் வந்து, துபாயில் செலவு அதிகம் என்று பல் வேலை எல்லாவற்றையும் ஊரிலேயே முடிக்க நினைக்கிறீர்களா, சரி, ஆனால் இம்பிளான்ட் (தாடை எலும்பில் ஸ்குரூ வைத்து, அதன்மேல் பல் பொருத்துவது) பெரும்பாலும் ஒரே லீவில் முடியாது. ஸ்குரூ தாடை எலும்போடு ஒட்டவே 3 முதல் 6 மாதம் ஆகும், அதற்குப் பிறகுதான் மேலே பல் பொருத்துவார்கள். இரண்டு லீவாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ரூட் கெனால், கேப் என்றால் வந்த முதல் வாரமே போய்விடுங்கள். கல்யாண விருந்தெல்லாம் முடியட்டும் என்று தள்ளினால், லேபிலிருந்து கேப் வருவதற்குள் ஃபிளைட் நாள் வந்துவிடும் (என் மச்சான் தற்காலிகக் கேப்போடுதான் ஏறினார்).

அப்புறம், இம்பிளான்டின் பிராண்ட், அளவு, லாட் நம்பர் (தயாரிப்புத் தொகுதி எண்) உள்ள அட்டையைக் கேட்டு வாங்குங்கள். துபாய் போனபிறகு ஸ்குரூ தளர்ந்தால் வேறு டாக்டர் அதைப் பார்த்துத்தான் பொருந்தும் பாகத்தைத் தேடுவார்.